பொத்தின கையில் எத்தனை?

கொட்டியாரக் குடாவைத் தாண்டிக் கழித்தல் கணக்கைக் கொண்டுபோய் இறக்கியவர்கள் நானும் மாகிரட்டும்தான். நாங்கள் லோஞ்சில் போய் இறங்குவதற்கு முன்னால் கட்டைபறிச்சானில் ஒன்றிலிருந்து ஒன்றை எடுக்க ஒருவருக்கும் தெரியாது. மாடு ஒன்று காணாமல் போனால் மிச்சம் எத்தனை என்று சொல்ல ஆளில்லாமல் ஊரே பட்டிக்கு முன்னால் விழித்துக்கொண்டு நிற்கும்.

சரி, பெருப்பித்துத்தான் விட்டேன். கட்டைபறிச்சான் ஆட்கள் என் பூட்டன் காலத்துக்கு முன்பே கழித்தல் தெரிந்தவர்கள். தெரிந்ததை வாயால் சொல்லமாட்டார்கள், அவ்வளவுதான். அதிலும் "நானும்" என்று எழுதியது இன்னும் பெரிய புளுகு. வேலையெல்லாம் மாகிரட் செய்தது. நான் பக்கத்து வகுப்பிலிருந்து ஓலைத் தட்டிக்கு மேலால் எட்டிப் பார்த்தேன். பார்ப்பதற்குக் கதிரையில் ஏறவேண்டியிருந்தது. அதை மட்டும் என் உழைப்பாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

சுதந்திரம் கிடைத்து ஐந்தாறு வருடம் இருக்கும். திருகோணமலைத் துறைமுகத்தில் வெள்ளைக்காரனின் சாம்பல் நிறக் கப்பல்கள் இன்னும் நின்ற காலம். மாகிரட்டின் தகப்பன் பேணாட் அந்தக் கப்பல்களுக்குப் பெயின்ற் அடிப்பவர். மகளுக்கு ஆசிரிய வேலை கிடைத்தது கட்டைபறிச்சானில் என்றதும், கையிலிருந்த தூரிகையாலேயே குடாவின் அந்தக் கரையைக் காட்டி, "உங்கையோ?" என்று கேட்டாராம். கேட்டபோது தெறித்த சாம்பல் நிறப் பொட்டு ஒன்று அவளுடைய தோல்பெட்டியில் இன்றைக்கும் இருக்கிறது.

நான் அங்கே ஏற்கெனவே இரண்டு வருடமாகத் தமிழ் படிப்பித்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலே ஒரு வீட்டில் அறை எடுத்திருந்தேன். மாகிரட் அந்த அறைக்குப் பங்குக்கு வந்தாள். மெலிந்த உடம்பு, பெரிய கண், சீலைத் தலைப்பை எப்போதும் வலக்கையில் சுற்றிப் பிடித்திருப்பாள். அடக்கமான பிள்ளை என்று நினைத்தேன். அடக்கமுமில்லை, ஒன்றுமில்லை. தலைப்புக்குள்ளே விரல் மடித்துக் கணக்குப் பார்க்கிறாள் என்பது மூன்றாம் நாள்தான் தெரிந்தது.

அன்றைக்குப் பெரிய வாத்தியார் வீரசிங்கம் அவளுக்கு இரண்டாம் வகுப்பைக் கொடுத்து, கணக்கும் அவளே படிப்பிக்கவேண்டும் என்று சொல்லியிருந்தார். இடைவேளைக்கு என்னிடம் ஓடிவந்தாள்.

"சீலா அக்கா, எனக்குக் கணக்கு ஏலாது."

"ரெண்டாம் வகுப்புக் கணக்குத்தானே பிள்ளை. ஏழும் எட்டும், ஒன்பதும் ஆறும்."

"அந்த ஏழும் எட்டும்தான். எனக்கும் அதுக்கும் சின்னனிலை இருந்தே தகராறு."

"பதினைஞ்சு."

"அது எனக்கும் தெரியும். கொஞ்சம் சுணங்கித்தான் தெரியும்."

பிறகு கதையைச் சொன்னாள். பட்டணத்தில் அவள் படித்த பள்ளியில் மனக்கணக்கு நேரம் என்றால் வகுப்பு முழுவதும் எழும்பி நிற்குமாம். சட்டென்று விடை சொன்னவர்கள் இருக்கலாம். சொல்லாதவர்கள் இருக்கிற வாங்கிலேயே ஏறி நிற்கவேண்டும். மாகிரட் ஏறினால் மணி அடிக்கும் வரை இறங்கமாட்டாள்.

"ஆனா ஒண்டு அக்கா, வாங்கிலை நிண்டா யன்னலாலை துறைமுகம் முழுக்கத் தெரியும். வந்த கப்பல், போன கப்பல் எல்லாத்தின்ரை பேரும் எனக்குப் பாடம்."

இப்படிப்பட்டவள் கணக்குப் படிப்பித்தால் வகுப்பு என்னவாகும்? நான் மாதாவிடம் அந்தப் பிள்ளைகளுக்காக வேண்டிக்கொண்டேன். மறுநாள் கதிரையில் ஏறித் தட்டிக்கு மேலால் பார்த்தேன்.

மாகிரட் கரும்பலகைக்கு முன்னால் நின்றாள். பிள்ளைகள் எல்லோரும் கையை மேசைக்குக் கீழே வைத்திருந்தார்கள். பிரம்புக்குப் பயந்து ஒளித்து எண்ணுகிற விரல்கள். அது அவளுக்குத் தெரியாததா? வாங்கில் நின்ற கால்களுக்கு அந்தப் பயத்தின் மணம் தெரியும். சீலைத் தலைப்பை அவிழ்த்து இடுப்பில் செருகினாள். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினாள்.

"இஞ்சை பாருங்கோ, ரீச்சரும் விரலிலைதான் எண்ணுறன். ஒளிச்சு எண்ணினா விரலுக்கு மூச்சு முட்டும். எல்லாரும் கையை மேலை எடுங்கோ."

வகுப்பு வாய் பிளந்தது. பிறகு ஒவ்வொன்றாகக் கைகள் மேசைக்கு மேலே வந்தன. சில கைகளில் மை, சிலதில் சேறு, ஒன்றில் பாதி கடித்த நாவற்பழம்.

அதன் பின் அவள் செய்ததெல்லாம் பெரிய வாத்தியாருக்குப் பிடிக்காத காரியங்கள். எதையும் எண்ணுவதற்கு முன்னால் ஒரு மதிப்புச் சொல்லவேண்டும் என்றாள். "முதல் கண்ணாலை சொல்லுங்கோ, பிறகு கையாலை எண்ணுங்கோ." முற்றத்துப் புளியமரத்தில் எத்தனை காகம்? வண்டியில் எத்தனை தேங்காய்? விடை பிழைத்தவனுக்கு அடி கிடையாது. "கிட்ட வந்திற்றாய்" என்பாள். ஒருவன் புளியமரத்தில் ஒரு லட்சம் காகம் என்றான். அவனையும் அடிக்கவில்லை. "கொஞ்சம் எட்டப் போயிற்றாய் மோனை, மெல்லத் திரும்பி வா" என்றாள். அவன் ஐம்பதாயிரத்துக்கு வந்து, ஆயிரத்துக்கு வந்து, நூறுக்கு வந்து, கடைசியில் பன்னிரண்டில் வந்து நின்றான். அதற்குள் காகமெல்லாம் பறந்துவிட்டது. ஆனால் அவன் முகத்தில் ஊர் போய்ச் சேர்ந்தவனின் களிப்பு.

எண்ணுவதற்குச் சாமான் வேண்டுமென்று ஒரு சனிக்கிழமை இரண்டு பேரும் கரைக்குப் போய் ஒரு கடகம் நிறைய மட்டி பொறுக்கி வந்தோம். மாகிரட்டுக்குக் கடற்கரைப் பழக்கம் இருந்தது, மட்டியை அவித்து உள்ளே இருப்பதை எடுக்கவேண்டும் என்கிற குசினிப் பழக்கம் இருக்கவில்லை. கடகத்தை வகுப்பு மூலையில் வைத்துப் பூட்டிவிட்டு வந்தாள். திங்கட்கிழமை கதவைத் திறந்தபோது கிளம்பிய நாற்றத்துக்கு மூதூர் இறங்குதுறையில் நின்ற லோஞ்சு தானாகவே கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. பெரிய வாத்தியார் மூக்கைச் சால்வையால் பொத்திக்கொண்டு வந்தார்.

"என்ன ரீச்சர் இது, பள்ளிக்கூடமோ கருவாட்டு வாடியோ?"

"கணக்கு சேர்."

"கணக்கு இப்பிடி மணக்குமோ?"

"எனக்குச் சின்னனிலை இதைவிட மோசமா மணந்தது சேர்."

அவர் பதில் சொல்ல மூச்செடுக்கவேண்டும். மூச்செடுக்க முடியாமல் திரும்பி நடந்தார். மட்டி அவிக்கப்பட்டு, கழுவப்பட்டு, வெயிலில் காய்ந்து, வெள்ளை வெளேரென்று வகுப்புக்குத் திரும்பி வந்தது.

இப்படி வகுப்பு முழுவதும் கலகலத்துக்கொண்டிருக்கும்போது ஒரு பிள்ளை மட்டும் கல்லாய் இருந்தாள். பெயர் கோணேஸ்வரி. தங்கத்துரை என்ற வயல்காரரின் மூத்த மகள். கூட்டல் என்றால் மற்றவர்கள் மட்டியைத் தொடுமுன்னே விடை சொல்வாள். கழித்தல் என்றால் வாய் பூட்டிக்கொள்ளும். பூட்டினால் திறப்புக் கிடையாது. இதனாலேயே போன வருடம் அவளை மூன்றாம் வகுப்புக்கு ஏற்றாமல் நிறுத்திவிட்டார்கள். இந்த வருடமும் இரண்டாம் வகுப்பு.

தங்கத்துரை ஒருநாள் பள்ளிக்கூட வாசலுக்கு வந்து, தோளில் துவாயோடு நின்று, மாகிரட்டிடம் நேரே சொன்னார்.

"ரீச்சர், கோவிக்கப்படாது. இந்த முறையும் ஏத்தேல்லையெண்டா பிள்ளை வீட்டிலை நிக்கட்டும். தம்பி தங்கச்சியைப் பாக்கவும் ஆள் வேணும். ஒரே வகுப்பிலை மூண்டாம் வருசமும் இருத்திச் சனம் சிரிக்க விடமாட்டன்."

"நான் படிப்பிக்கிறன் அண்ணை."

"போன வருசத்து வாத்தியாரும் அதைத்தான் சொன்னவர்."

வாங்கில் நின்றவள் வாங்கில் நிற்பவளை அடையாளம் கண்டுவிட்டாள். ஆனால் என்ன செய்வது என்று தெரியவில்லை. போன வருடத்து வாத்தியார் கெட்டவரல்ல. ஊர்ப்பிள்ளைகளுக்கு விளங்கவேண்டும் என்பதற்காகப் புத்தகத்தில் இருந்த அப்பிளையும் தோடம்பழத்தையும் விட்டுவிட்டு, கழித்தல் முழுவதையும் நெல்லிலேயே போட்டவர். "பத்து மரைக்கால் நெல்லில் நாலு குறைந்தால் மிச்சம் எத்தனை?" மரைக்கால் என்பது நெல் அளக்கும் பாத்திரம். வயலூர்ப் பிள்ளைக்கு இதைவிட இலேசாக எப்படிக் கேட்பது? மாகிரட்டும் அதையே கேட்டுக்கொண்டிருந்தாள். கோணேஸ்வரி கரும்பலகையைப் பார்ப்பாள், கூரையைப் பார்ப்பாள், தன் கால்விரலைப் பார்ப்பாள்.

மாசி மாதம் அறுவடை முடிந்து சூடடித்தார்கள். புது நெல் அளக்கிற நாளுக்கு ரீச்சர்மாரும் வரவேண்டுமென்று தங்கத்துரை சொல்லியனுப்பினார். கோபதாபம் வேறு, மரியாதை வேறு. நாங்கள் இரண்டு பேரும் நல்ல சீலை உடுத்திக்கொண்டு வரம்பு வரம்பாக நடந்து களவெட்டிக்குப் போனோம். வட்டமாய்ச் சாணி மெழுகிய களம். நடுவிலே மலைபோல நெற்பொலி. தங்கத்துரை தலைப்பாகையோடு மரைக்காலைக் கையில் எடுத்து அளக்கத் தொடங்கினார்.

"லாபம்... ரெண்டு... மூண்டு..."

"என்னடியக்கா, ஒண்டைக் காணேல்லை?" என்று மாகிரட் என் காதுக்குள்ளே கேட்டாள்.

"ஒண்டுக்குப் பேர் இஞ்சை லாபம். பேசாமல் நில்லு."

அவள் பேசாமல் நிற்கிற பிறவியா? பார்த்ததையெல்லாம் மதிப்புப் போடச் சொல்லிக் கொடுத்துக் கொடுத்து அவளுக்கே அந்த நோய் பிடித்திருந்தது. பொலி பாதியானதும் பலத்த குரலில் கேட்டாள்:

"அண்ணை, இன்னும் எவ்வளவு குறையுது? முடியப்போகுதோ?"

மரைக்கால் அந்தரத்தில் நின்றது. கடகம் பிடித்தவன் கடகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். மாடுகள் அசைபோடுவதை நிறுத்திவிட்டு மாகிரட்டைத் திரும்பிப் பார்த்தன. மேலே பறந்த கொக்கு ஒன்றும் நின்றது என்று எழுத ஆசைதான், நீங்கள் நம்பமாட்டீர்கள். தங்கத்துரையின் தாய் ஓடிவந்து பொலிக்கு மஞ்சள் தண்ணீர் தெளித்தாள்.

"ரீச்சர்," என்றார் தங்கத்துரை மெதுவாக, "அந்தச் சொல்லுகளை வரம்புக்கு அங்காலை வைச்சிட்டு வாங்கோ."

"எந்தச் சொல்லுகள் அண்ணை?"

"அதை நான் ஒருக்காத் திருப்பிச் சொல்லவோணுமோ?"

மாகிரட்டின் முகம் பீற்றூட்டாகிவிட்டது. பின்வாங்கி என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தாள். அப்போதுதான் ஒரு சின்னச் சிரிப்புச் சத்தம். வைக்கோல் கும்பத்தின் மேல் கோணேஸ்வரி, வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தாள். சறுக்கி இறங்கி வந்து ரீச்சரின் சீலையைப் பிடித்து இழுத்தாள். பள்ளிக்கூடத்தில் கேட்காத குரல்.

"ரீச்சர், நிறைஞ்சுதோ எண்டு கேக்கோணும்."

"சரி. இல்லையெண்டா?"

"அந்தச் சொல்லும் கூடாது."

"அப்ப பொலியிலை இருந்து நெல்லை எடுத்தா என்ன சொல்லுறது?"

"எடுக்கிறேல்லை. நெல்லுப் போகும்."

"எங்கை போகும்?"

"இவ்வளவு கோயிலுக்கு, இவ்வளவு வண்டிக்காரருக்கு, இவ்வளவு எங்கட வீட்டுக்கு." விரலால் காற்றில் பொலியைப் பிரித்துப் பிரித்து வைத்தாள். பிறகு எதிரே இருந்த பாதிப் பொலியைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்து, "இன்னும் பதினெட்டு மரைக்கால் வரும்" என்றாள். பத்தொன்பது வந்தது.

திரும்பி வரும்போது மாகிரட் எனக்கு முன்னால் வேகமாக நடந்தாள். வாய்க்கால் தாண்டும் இடத்தில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, அந்தப் பிள்ளைக்குக் கணக்குத் தெரியாமல் இல்லை. நான் கேக்கிற கேள்விக்கு அது வாய் திறந்தா வீட்டிலை நெல்லுப் பெருகாது எண்டு பயம். நெல்லைக் குறைக்கச் சொல்லி நாங்கள்தானே கேட்டுக்கொண்டு இருக்கிறம்!"

விசாரித்துப் பார்த்தபோது அதுதான் சரி. மற்ற வீடுகளில் இந்தக் கட்டுப்பாடு களவெட்டியோடு நின்றது. தங்கத்துரை வீட்டில் அரிசிப் பானை வரைக்கும் வந்திருந்தது. பானை வெறுமையானால் "அரிசி நிறைஞ்சு போச்சு" என்றுதான் சொல்வார்கள். பள்ளியில் 'குறையும்', 'இல்லை', 'மிஞ்சாது' என்ற சொற்கள் அந்தப் பிள்ளையின் வாய்க்கு எப்படி வரும்?

அடுத்த நாள் மாகிரட் கரும்பலகையிலிருந்த மரைக்காலையெல்லாம் அழித்துவிட்டாள். பத்து மட்டியை மேசையில் வைத்தாள். பிள்ளைகளைக் கண்மூடச் சொல்லி, சிலதைக் கையில் எடுத்துப் பொத்திக்கொண்டாள்.

"மொத்தம் பத்து. மேசையிலை ஆறு. பொத்தின கையிலை எத்தினை?"

"நாலு!" முதல் குரல் கோணேஸ்வரியுடையது.

"எப்பிடி வந்தது?"

"ஆறு இஞ்சை நிக்குது. அப்ப நாலு அங்கை போயிருக்கு."

அவ்வளவுதான் கதை. ஒன்றும் குறையவில்லை, ஒன்றும் இல்லாமல் போகவில்லை. பத்து என்பது பத்தாகவே இருக்கிறது. ஒரு பங்கு இங்கே, ஒரு பங்கு அங்கே. ஒரு பங்கைத் தெரிந்தால் மற்றப் பங்கு தெரியும். அன்றிலிருந்து வகுப்பில் கையைப் பொத்தாத பிள்ளை கிடையாது. பத்திலே தொடங்கி இருபதுக்குப் போனார்கள், மட்டி போதாமல் புளியங்கொட்டைக்குப் போனார்கள். மாகிரட்டும் அவர்களோடு விளையாடி விளையாடி ஏழையும் எட்டையும் சமாதானப்படுத்திக்கொண்டாள். எட்டு தன்னிடமிருந்து ஐந்தை ஏழுக்கு அனுப்பினால் பன்னிரண்டும் மூன்றும், அல்லது ஏழு இரண்டை எட்டுக்கு அனுப்பினால் பத்தும் ஐந்தும், எப்படிப் பிரித்தாலும் பதினைந்து. "ஏனக்கா இதை எனக்கு ஒருத்தரும் வாங்கிலை ஏத்த முதல் சொல்லேல்லை?" என்று மாகிரட் கேட்டாள்.

கார்த்திகை மழை தொடங்கியபோது வித்தியாதரிசி வரப்போகிறார் என்று செய்தி வந்தது. பள்ளிகளைச் சோதித்து, யார் ஏறுவது யார் நிற்பது என்று முடிவு சொல்லும் அதிகாரி. ஸெய்னுதீன் என்று பெயர், குறிஞ்சாக்கேணி ஆள். பிள்ளைகளின் காதுக்குள்ளிருந்து சுண்ணக்கட்டி எடுத்துக் காட்டுகிற வித்தைக்காரர், ஆனால் பிள்ளை விடை சொல்லாவிட்டால் அதே சிரிப்போடு நிறுத்திவிட்டுப் போய்விடுவார் என்று சொன்னார்கள். பெரிய வாத்தியார் கூரை ஒழுக்கை நினைத்து நடுங்கி, ஓலை மாற்ற ஊராட்களைக் கூப்பிட்டார். இரண்டாம் வகுப்புக் கூரையில் ஏறியவர் தங்கத்துரை. வேலை முடிவதற்குள்ளே வித்தியாதரிசி ஒரு நாள் முந்தி வந்துவிட்டார்.

நான் என் வகுப்புக்கு ஒரு கட்டுரை எழுதக் கொடுத்துவிட்டுக் கதிரையில் ஏறினேன்.

ஸெய்னுதீன் சேர் குடையை மடக்கி மூலையில் சாத்திவிட்டு, வரிசையாக ஒவ்வொரு பிள்ளையையும் கேட்டுக்கொண்டு வந்தார். வகுப்பு நன்றாகத்தான் சொன்னது. பெரிய வாத்தியாரின் முகத்தில் மெல்லமெல்ல இரத்தம் ஊறியது. கோணேஸ்வரியின் முறை வந்தது.

"எழும்புங்க மகள். பத்து மரைக்கால் நெல்லு. நாலு குறைஞ்சா மிச்சம் எத்தின?"

எந்தச் சாத்தான் அவர் வாயில் அந்த நெல்லைப் போட்டது? கோணேஸ்வரி மேலே பார்த்தாள். மாற்றாத ஓலை இடைவெளிக்குள்ளால் தகப்பனின் குதிக்கால் தெரிந்தது. வாய் பூட்டிக்கொண்டது.

"சொல்லுங்க."

கோணேஸ்வரி தன் கால்விரலைப் பார்த்தாள்.

"சேர், இந்தப் பிள்ளைக்கு இந்த வகுப்பிலை இது ரெண்டாம் முறை..." என்று பெரிய வாத்தியார் தொடங்கினார். வித்தியாதரிசி சிரித்தபடியே அடுத்த பிள்ளையின் பக்கம் திரும்பினார்.

மாகிரட்டின் வலக்கை சீலைத் தலைப்புக்குள்ளே போவதைக் கண்டேன். போச்சு, இவளும் வாங்கில் ஏறிவிட்டாள் என்று நினைத்தேன். கை வெளியே வந்தது. மேசை லாச்சியைத் திறந்து மட்டியை எடுத்தது.

"சேர், அதே கேள்விதான். நெல்லை மட்டும் விட்டிட்டுக் கேக்கேலுமோ? இது எங்கட வகுப்பு விளையாட்டு. பத்து மட்டி. நீங்களே ஒளியுங்கோ."

கையால் ஒளிக்கிற வேலை என்றதும் வித்தைக்காரருக்கு ஆசை வந்துவிட்டது. மட்டியை வாங்கி முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், ஆறை மேசையில் வைத்தார்.

"பொத்தின கையிலை நாலு" என்றாள் கோணேஸ்வரி.

மூன்றை வைத்தார். "ஏழு." எட்டை வைத்தார். "ரெண்டு." மேசையில் ஒன்றும் வைக்காமல் கையை மட்டும் நீட்டினார்.

"பத்தும் அங்கை."

"அப்ப இஞ்ச?"

பிள்ளை மேசையைப் பார்த்தாள். "இஞ்சை களம் கூட்டியிருக்கு சேர்."

ஸெய்னுதீன் சேரின் புருவம் உயர்ந்தது. பூச்சியத்துக்கு அவர் கேள்விப்படாத பெயர். இன்னும் ஒருமுறை கையைப் பின்னால் கொண்டுபோனார். ஐந்தை மேசையில் வைத்தார்.

"அஞ்சு" என்றாள் உடனே.

கையை விரித்தார். உள்ளே நான்கு மட்டி.

பெரிய வாத்தியார் கண்ணை மூடினார். மாகிரட் ஏதோ சொல்ல வாயெடுத்து, உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். இனிமேல் அவள் சொன்னால் அது அவளுடைய விடை. பிள்ளையின் விடையாகாது.

"நாலுதானே இரிக்கு மகள்? யோசிச்சுப் பாருங்க. அஞ்சை நாலாக்கிச் சொல்றீங்களா? சொன்னா சரி போட்டுடுவன்."

இதுதான் பொல்லாத இடம். பெரிய மனிதர், வெள்ளைக் காற்சட்டை, மாற்றிச் சொன்னால் சரி போடுவேன் என்கிறார். மாற்றிச் சொன்னால் மூன்றாம் வகுப்பு. சொல்லாவிட்டால் நாளையிலிருந்து தம்பியைத் தொட்டிலாட்டுகிற வேலை. நான் என்றால் நான்கு என்ன, மூன்று என்றுகூடச் சொல்லியிருப்பேன்.

கோணேஸ்வரி மேசையிலிருந்த ஐந்தைப் பார்த்தாள். கையிலிருந்த நாலைப் பார்த்தாள். பிறகு வித்தியாதரிசியின் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

அந்த நேரம் பார்த்து என் கதிரையின் ஒரு கால் மண்ணுக்குள்ளே இறங்கியது. நான் தட்டியைப் பிடித்துத் தொங்கினேன். ஆனால் என் காதுக்கு ஒன்றும் நேரவில்லை. அந்தப் பிள்ளை, வீட்டிலே சொன்னால் மஞ்சள் தண்ணீர் தெளிக்கிற அந்தச் சொல்லை, தகப்பனின் குதிக்காலுக்கு நேர் கீழே நின்று, இடி இடித்ததுபோலச் சொன்னாள்:

"ஒண்டு குறையுது சேர்!"

கூரையில் ஓலை கட்டும் சத்தம் நின்றது. மழைகூட ஒருகணம் தயங்கியது. ஸெய்னுதீன் சேர் பெரிதாகச் சிரித்துத் தன் சட்டைக் கையை உதறினார். பத்தாவது மட்டி மேசையில் விழுந்து சுற்றியது. வகுப்பு கூக்குரலிட்டது.

நாங்களோ கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். ஓலை இடைவெளிக்குள்ளால் தங்கத்துரையின் தலை, தலைப்பாகையோடு, தலைகீழாக இறங்கியது. வெட்டப்போகிறார் என்றே நினைத்தேன். அவர் வித்தியாதரிசியை ஒருமுறை பார்த்தார், மகளை ஒருமுறை பார்த்தார்.

"பிள்ளை சரியாத்தானே சொல்லுது" என்றார். தலை மேலே போய்விட்டது. ஓலை கட்டும் சத்தம் திரும்பக் கேட்டது.

கோணேஸ்வரி அந்த வருடம் மூன்றாம் வகுப்புக்கு ஏறினாள். களவெட்டியில் அந்தச் சொல்லை வரம்புக்கு அங்கால் வைக்கச் சொன்ன மனிதர் இங்கே அதை எப்படிப் பொறுத்துக்கொண்டார் என்பது மட்டும் இத்தனை வருடமாய் எனக்கு விளங்கவேயில்லை.

மாகிரட் அதன் பின் மூதூரிலும் சல்லியிலும் பட்டணத்திலும் படிப்பித்தாள். எங்கே போனாலும் சின்ன வகுப்பு, சின்ன வகுப்புக் கணக்கு. மேல் வகுப்புக்கு வாருங்கள் என்று கூப்பிட்டால், "எனக்கு ஏழும் எட்டும் இப்பத்தான் ராசியாகியிருக்கு" என்று தப்பிவிடுவாள். சல்லியில் மீன் பரப்பிக் காய்கிற வாடிகளுக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் ஒரு வரிசையில் எத்தனை கருவாடு என்று மதிப்புச் சொல்ல வைத்தாள். திரும்பி வரும்போது வரிசையில் இருந்ததைவிடப் பிள்ளைகளின் பையில் கூட இருந்தது என்று ஒரு கதை. அதை நான் பரப்பவில்லை, வாடியின் முதலாளி சம்மாட்டியார் பரப்பினார். இப்போது ஓய்வு பெற்று எங்கள் ஒழுங்கையிலேயே இருக்கிறாள். சந்தையில் சீலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, பத்து விரலையும் நீட்டிப் பகிரங்கமாகவே எண்ணுவாள். அவளைப் பற்றி எழுதினால் என்னோடு கதைக்கமாட்டேன் என்று சொல்லியிருக்கிறாள். இன்றைக்குப் பல் கட்டப் போயிருக்கிறாள், எப்படியும் இரண்டு நாளைக்கு ஒருவரோடும் கதைக்க ஏலாது. அந்தத் துணிவில்தான் எழுதி முடித்தேன்.

முடித்த கையோடு வாசலில் சத்தம். கோணேஸ்வரி. வருடா வருடம் புது அரிசி கொண்டுவந்து எங்கள் இரண்டு வீட்டுக்கும் தருவாள். இப்போது நான்கு பிள்ளைகளின் தாய், தகப்பனின் வயலை அவள்தான் பார்க்கிறாள். தேத்தண்ணி கொடுத்துக் கதிரையில் இருத்தி, எழுதியதை முதலிலிருந்து உரக்க வாசித்துக் காட்டினேன். மட்டி நாற்றத்துக்குச் சிரித்தாள். களவெட்டிக்குக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். வித்தியாதரிசி கையை விரித்த இடம் வந்து, "ஒண்டு குறையுது சேர்" என்று நான் இடிபோல வாசித்ததும் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"அதை வெட்டுங்கோ ரீச்சர். நான் அப்பிடிச் சொல்லேல்லை."

"சொன்னாய் பிள்ளை. நான் கேட்டனான்."

"நீங்கள் தட்டியிலை தொங்கிக்கொண்டு இருந்தனீங்கள். தலைக்கு மேலை அப்பா இருக்கேக்கை நான் அந்தச் சொல்லைச் சொல்லுவனே?"

"அப்ப என்னடி சொன்னனீ?"

"'சேரிட்டை ஒண்டு கூடுதலா இருக்கு' எண்டு சொன்னனான்."